தாய்மாமன் மடி

ஜனவரி 19, ஞாயிறு

எலும்பு டாக்டர் வலியை எழுதி வைக்கச் சொன்னார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம் வேண்டுமாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட நான் இப்படிக் கவனித்ததில்லை. டயர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

பெயர் சௌந்தரபாண்டி. வயது நாற்பத்து நான்கு. மதுரை பைபாஸ் ரோட்டில் மனைவி பெயரில் 'ஜெயக்கொடி டிரைவிங் ஸ்கூல்' நடத்துகிறேன். இரண்டு கார். ஒன்றில் நான் சொல்லிக் கொடுக்கிறேன், இன்னொன்றில் சகாயம். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கழுத்து வலி. பிடரியில் தொடங்கி வலது தோள்பட்டை வரை ஒரே இறுக்கம். அது முற்றினால் தலைசுற்றல். சுற்றல் என்றால் ராட்டினம் மாதிரி இல்லை. நிற்கிற தரை லேசாக நகரும். நகர்ந்துவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லையே என்பதுபோல் மறுபடி அப்படியே இருக்கும்.

பிபி பார்த்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று, காது பார்த்தாயிற்று, கழுத்தை ஸ்கேன் எடுத்தாயிற்று. தசைப்பிடிப்பு தவிர வேறொன்றும் இல்லை என்று கழுத்துக்கு ஒரு பட்டையை மாட்டி அனுப்பிவிட்டார்கள். டாக்டர்களுக்குத்தான் பிடிபடவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பால்காரர், இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டு வக்கீல், மூன்று பேரும் பேசி வைத்தமாதிரி பித்தம் என்கிறார்கள். ஜெயக்கொடி தினமும் இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்கிறாள்.

மாலையில் தங்கச்சி ஈஸ்வரி திண்டுக்கல்லில் இருந்து போன் செய்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு மொட்டையடிச்சுக் காது குத்த நாள் குறிச்சாச்சு. மாசி இருவத்தஞ்சு, ஞாயித்துக்கெழம. வாடிப்பட்டிக்கு அங்கிட்டு இவுக குலசாமி கோயில்ல. மடியில வச்சுக்கிற ஒரே மாமன் நீதான். இப்பவே சொல்லிப்புட்டேன், எந்தச் சாக்கும் சொல்லக்கூடாது."

"ஹலோ, ஹலோ, ஒன்னும் கேக்கல" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் கேட்டபடி: வலி, மாலை ஏழு மணிக்கு மேல். செய்துகொண்டிருந்தது, போன் பேசியது.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் எழுந்ததும் சுற்றல். சுக்குக் கஷாயம் குடித்தேன். சுற்றல் நிற்கவில்லை, நாக்கு மட்டும் எரிகிறது.

ஜனவரி 24, வெள்ளி

ரெஜினா டீச்சருக்கு அறுபது தாண்டிவிட்டது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார் வாசலில் வெயிலில் காய்கிறது என்பதற்காக ஓட்டக் கற்றுக்கொள்கிறார். சாவி போடுமுன் சிலுவை போடுவார். ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'ஏசப்பா' உண்டு. வண்டி உருண்டுவிட்டால் போதும், எதிரே வருகிற எல்லோரையும் தன் பழைய மாணவர்களாக நினைத்து அதட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

இன்று ரிங் ரோட்டின் ஓரத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். சொல்லிக் கொடுக்கிறவர் உட்காருகிற இடது பக்கத்திலும் எங்கள் வண்டிகளில் ஒரு பிரேக் உண்டு. வண்டி குலுங்கி நின்றது. டீச்சர் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொள்ளாதது ஏசப்பா புண்ணியம்.

"ஏன் சார் பிரேக் போட்டீங்க?"

"நாய் வந்துச்சு டீச்சர்."

"எந்த நாய்?"

"ஓடிருச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "இந்த வாரத்துல இது மூணாவது நாய் சார். ஒன்னுகூட என் கண்ணுல படல. நான் கண் டாக்டரப் போயிப் பாக்கணுமா?"

"ஒரு தடவை பாத்துருங்க டீச்சர்" என்றேன். பாவம், நாளைக்கே போய்விடுவார்.

ஜனவரி 26, ஞாயிறு

ஈஸ்வரியும் மாப்பிள்ளை தனராஜும் முறைப்படி அழைக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை. நல்ல மனிதர். சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து, "தாய்மாமன் வந்து நடத்திக் குடுக்கணும்" என்று இருவரும் நின்றுகொண்டே கொடுத்தார்கள். ஜெயக்கொடி வாங்கினாள். நான் பட்டை மாட்டிய கழுத்தோடு போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றேன்.

பாப்பாவின் பெயர் தன்விகா. மூன்று வயது. அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் நான் 'தங்கம்' என்றுதான் கூப்பிடுவேன். வந்ததும் வராததுமாக என் பட்டையைத் தட்டிப் பார்த்து, "மாமாவுக்கு பெல்ட்டு" என்றது. பிறகு என் மடியில் ஏறி உட்கார்ந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஏறியது. எனக்கு மறுபடி தாகம் எடுத்தது. ஜெயக்கொடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மச்சான் கழுத்துக்குக் காரணம் நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரா அக்கா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். "தீபாவளிக்கு மறுவாரம் கொடைரோடுகிட்ட லேசா ஒரு உரசல். பம்பர் மட்டும்தான் போச்சு. பெரிய டிரைவிங் மாஸ்டர், அன்னைக்கு அவரு மூஞ்சியப் பாக்கணுமே!"

எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை சொன்னது சரிதான், லேசான உரசல்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எலும்பு டாக்டரிடம் அதைச் சொல்லக்கூட இல்லை, சொல்ல என்ன இருக்கிறது?

அவர்கள் கிளம்பும்போது பாப்பா முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தது. "பின்னாடி உக்காரச் சொல்லு! பின்னாடி!" என்று நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பிள்ளை அழுதது.

பிப்ரவரி 1, சனி

மாப்பிள்ளை என் போட்டோ கேட்டார். 'தாய்மாமனே வருக' என்று பிளக்ஸ் அடிக்கிறார்களாம். என்னிடம் இருக்கிற புதுப் படம் எல்லாம் கழுத்துப் பட்டையோடுதான். அதையே அனுப்பினேன். சாயங்காலம் பிளக்ஸின் மாதிரிப் படம் வந்தது. கம்ப்யூட்டரில் பட்டையை அழித்துவிட்டு யாரோ ஒருவருடைய கழுத்தை எனக்கு ஒட்ட வைத்திருக்கிறார்கள். நீளமாக, வழவழவென்று, தங்கச் சங்கிலி போட்ட கழுத்து. எந்தப் புண்ணியவானுடையதோ, என்னுடையதைவிட எவ்வளவோ தேவலை. ஜெயக்கொடி பார்த்துவிட்டு, "இந்தக் கழுத்துக்குத்தான் நான் கழுத்த நீட்டியிருக்கணும்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிசியோதெரபிக்குப் போனேன். பார்க்கிற பெண் பெயர் பர்வீன். ஸ்டூலில் உட்கார வைத்துப் பட்டையைக் கழற்றி, பின்னால் நின்று பிடரியில் கட்டை விரலால் அழுத்தினார். நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

"சார், நான் அமுக்குறது கழுத்த. நீங்க எதுக்குக் காலால தரைய அமுக்குறீங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கால் தரையில் அப்படியே ஊன்றி இருந்தது. செருப்பு மடங்கிப் போயிருந்தது.

"பழக்க தோசம்மா. டிரைவிங் ஸ்கூல். எங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்."

"இங்க வண்டி எதுவும் வரலையே சார்" என்று சிரித்தார். மறுபடி தொட்டார். கால் மறுபடி அமுக்கியது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அது கேட்கவில்லை. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எங்காவது விழுந்தீர்களா, வண்டியில் மோதினீர்களா என்று கேட்டார். "லேசா ஒரு உரசல், ஒன்னும் ஆகல" என்றேன். பர்வீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இதை இளக்கி விடுவேன் சார். நீங்க வெளிய போனதும் அது திரும்ப இறுகிக்கிரும். மாடியில ஒரு மேடம் இருக்காங்க, அவங்களையும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

மாடிக்குப் போனேன். கதவில் 'மனநல மருத்துவர்' என்று எழுதியிருந்தது. வெளியே பெஞ்சில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பிசியோவுக்குப் போகவில்லை. வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஈஸ்வரி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணே, வருவியா மாட்டியா? எத்தன தடவ கேட்டாலும் கழுத்து வலி, பாப்போம்ங்கிற. எங்க மாமியா என்ன சொல்றாங்க தெரியுமா? தாய்மாமன் சீருன்னு சொன்னதும் உங்கண்ணனுக்குக் கழுத்து வலி வந்துருச்சாம். சீரு வைக்கப் பயந்துக்கிட்டுப் பட்டையக் கட்டிக்கிட்டுத் திரியிறாராம். நாலு பொம்பளைக முன்னாடி சொல்றாங்கண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"

தாய்மாமன் வராத காதுகுத்து என்றால் எங்கள் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? அம்மா அப்பா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான்தான். "அப்படியெல்லாம் இல்ல ஈசு" என்று சொல்லியிருக்க வேண்டும். "யாரு என்ன வேணாலும் சொல்லிட்டுப் போகட்டும்" என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கஞ்சன் என்று பெயர் வாங்கினால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் அந்த மாடிக்குப் போனால் வருகிற இன்னொரு பெயர் இருக்கிறதே, அதைவிட இது தேவலை என்று நினைக்கிறேன். எவ்வளவு கேவலமாக யோசிக்கிறேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது. நாளெல்லாம் கழுத்து கல் மாதிரி இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை ரெஜினா டீச்சரோடு போகும்போது தரை நகர்ந்தது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. ரோடு, மரம், டீச்சர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்துவிட்டது. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். "டீச்சர், ஓரமா நிறுத்துங்க" என்றேன். டீச்சர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நான் சொல்லிக் கொடுத்த வரிசை பிசகாமல் நிறுத்தினார். அதை மட்டும் கவனித்தேன்.

"நீங்க பிரேக் போட மாட்டீங்கன்னா இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன்" என்று சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சகாயத்துக்குப் போன் செய்தார். அவன் வரும் வரை ஒரு புங்கமர நிழலில் என்னை உட்கார வைத்து, வேதபுத்தகத்தால் விசிறிக்கொண்டே இருந்தார். வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ஜெயக்கொடியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

"மூணு தடவ நாயின்னாரும்மா. நான் கண் டாக்டர்ட்டப் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. அப்ப நாய் எங்க இருந்துச்சு?"

டீச்சர் போனபிறகு ஜெயக்கொடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"தூக்கத்துல கால ஒதைக்கிறீங்க" என்றாள். "கொசுக்கடின்னு நெனச்சு ரெண்டு மாசமா கொசுவத்தி வாங்கி வச்சுக்கிட்டு இருக்கேன். பிள்ளை மடியில ஏறுனா எந்திரிச்சு ஓடுறீங்க. உங்களுக்குப் பிள்ளையப் பிடிக்காமப் போயிருச்சோன்னு நான் எனக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்கேன். என்னன்னு சொல்ல மாட்டீங்களா?"

பர்வீன் சொன்னதைச் சொன்னேன். மாடிக் கதவில் எழுதியிருந்ததையும் சொன்னேன். அவள் பயந்துவிடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இம்புட்டு நாளும் பித்தம் பித்தம்னு இஞ்சிச் சாறு குடிச்சீங்கள்ல? பித்தம் தலைக்கேறுனா யாருகிட்டப் போவாக? அந்த டாக்டர்ட்டத்தான். தெருவுல யாராச்சும் கேட்டா பித்தத்துக்கு வைத்தியம் பாக்குறோம்னு சொல்லிக்கிருவோம். பொய்யா சொல்றோம்? செவ்வாய்க்கெழம போறோம்."

இருபது வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு இவளை முழுதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டரம்மா சின்ன வயதுதான். என்ன செய்கிறது என்று கேட்டார். கழுத்து, தோள், சுற்றல் என்று பழகிய பாட்டைப் பாடினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "என்ன நடந்துச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று மாதத்தில் எங்கே வலிக்கிறது என்று ஊரே கேட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று பர்வீனைத் தவிர யாரும் கேட்டதில்லை. அவரிடமும் நான் சொல்லவில்லை.

சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தீபாவளிக்கு மறுவாரம், மாப்பிள்ளையின் புதுக் காரில் திண்டுக்கல்லுக்குப் போனோம். அவர் ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் ஜெயக்கொடியும் ஈஸ்வரியும் பாப்பாவும். பாப்பா அழுது இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து என் மடிக்கு வந்துவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. கொடைரோடு தாண்டியதும் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. பின் விளக்கு இல்லை. நான் அதை மாப்பிள்ளைக்கு முன்பே பார்த்துவிட்டேன். பார்த்ததும் பிரேக்கை மிதித்தேன். முழு பலத்தோடு மிதித்தேன். என் காலுக்குக் கீழே வெறும் மிதியடி. அந்த வண்டியில் என் பக்கம் பிரேக் இல்லை.

இருபது வருடமாக எத்தனையோ பேருடைய தப்பை அந்த ஒரு மிதியில் நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு என் கால் மிதியடியை மிதித்துக்கொண்டே இருந்தது, லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. கையில் பிள்ளை. அதன் தலை என் தாடைக்குக் கீழே இருந்தது. எண்ணெய் வைத்த தலை, வாசம்கூட ஞாபகம் இருக்கிறது. இந்தத் தலை இன்னும் ஒரு நொடியில் என்ன ஆகும் என்று நான் முழுசாகப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் மாப்பிள்ளை பிரேக் போட்டார். வண்டி வழுக்கி அரை வட்டம் அடித்து, நடுத்தடுப்பில் பம்பரை இடித்துக்கொண்டு நின்றது. பாப்பா, "மாமா, இன்னொரு தடவ" என்று கைதட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கி டீ குடித்தோம்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்ததோ நடக்காதது. அது தினமும் வருகிறது. பிள்ளை மடியில் ஏறினால் வருகிறது, வெறும் ரோட்டில் வருகிறது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும். இதையெல்லாம் சொல்லும்போது அழுதேன். ஜெயக்கொடி முன்னால், முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் முன்னால், விக்கி விக்கி அழுதேன். டாக்டரம்மா தடுக்கவில்லை. எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவதைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படித் தோன்றினால் உடனே ஜெயக்கொடியிடமோ தன்னிடமோ சொல்லவேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு விளக்கினார். "காது, கண்ணு, கழுத்துத் தசை எல்லாம் சேந்துதான் நீங்க நேரா இருக்கீங்கன்னு மூளைக்குச் சொல்லுது. அன்னைக்கு வண்டி அடிச்ச அடியில கழுத்துல பிடிப்பு வந்துருக்கு. அது ஆறவேண்டிய நேரத்துல, நீங்க இன்னும் அந்த வண்டியிலயே உக்காந்து விறைச்சுக்கிட்டு இருக்கீங்க. கழுத்து இறுகுனா தலை சுத்துது. சுத்துனா பயம் வருது. பயந்தா இன்னும் இறுகுது."

ரவுண்டானா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எங்கே நுழைந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கலாம். வெளியே போகிற ரோட்டை யாராவது காட்டவேண்டும்.

"அப்ப இந்த வலியெல்லாம் என் நெனப்புத்தானா மேடம்?"

"யாரு சொன்னா? வலி நிஜமான வலிதான். கழுத்துக்குப் பர்வீன் பாக்கட்டும், பயத்துக்கு நான் பாக்குறேன். பட்டையக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுருங்க. கொஞ்ச நாளைக்கு யாருக்கும் வண்டி சொல்லிக் குடுக்க வேணாம்."

கடைசியில் சொன்னதற்குத்தான் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். கேட்டபோது அப்பாடா என்று இருந்தது.

பிப்ரவரி 22, சனி

ரெஜினா டீச்சரை இனி சகாயம் பார்த்துக்கொள்வான் என்று போனில் சொன்னேன். நாயைப் பற்றியும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்காக ஜெபிக்கிறேன் சார். நீங்க வந்துதான் நான் லைசென்சுக்கு ஓட்டிக் காட்டுவேன், அதுவரைக்கும் எட்டுப் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

பிப்ரவரி 26, புதன்

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை போட்டால் வாய் உலர்கிறது. பர்வீன் சொல்லிக் கொடுத்தபடி சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்லத் திருப்புகிறேன். முதலில் அந்தப் புள்ளி நடனமாடியது. இப்போது கொஞ்சம் அடங்கி இருக்கிறது. பட்டை இல்லாமல் மார்க்கெட் வரை நடந்தேன். கத்திரிக்காய் வாங்கும்போது ஒரு சுற்று வந்தது. தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்விட்டது. காய்க்காரம்மா, "என்னண்ணே, எடையில நம்பிக்கை இல்லையா?" என்றது.

நடக்கிறது சரி. மடியை நினைத்தால்தான் கால் தானாகத் தரையை மிதிக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று நானும் ஜெயக்கொடியும் பஸ்ஸில் திண்டுக்கல் போனோம். கார் என்றால் இன்னும் ஆகவில்லை.

ஈஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், உட்காரவில்லை. பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"அண்ணே, சீரு எதுவும் வேணாம். ஒரே ஒரு பாவாட துணி போதும். அதையும் நானே எடுத்து ஒங்கிட்டக் குடுத்துர்றேன், நீ எடுத்த மாதிரி தட்டுல வச்சுக் கொண்டா. எங்க மாமியாவுக்குத் தெரிய வேணாம். நீ வந்து மடிய மட்டும் குடு."

என் தங்கச்சி என்னை அப்படி நினைத்துவிட்டாள். நினைக்கும்படி விட்டவன் நான்.

"சீரெல்லாம் எடுத்து வச்சாச்சு ஈசு" என்றேன். "தோடு, பட்டுப்பாவாட, வெள்ளித் தட்டு, எல்லாம் ஒங்க மதினி பொங்கலுக்கு முன்னாடியே எடுத்துட்டா. பீரோவுல இருக்கு. மடியத்தான் குடுக்க முடியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளையும் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே.

"அன்னைக்கு ஒன்னும் ஆகலையே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஒன்னும் ஆகல மாப்ள. அதனாலதான் யாருகிட்டயும் சொல்ல முடியல."

அவர் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிற கடைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கிளம்பும் வரை வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஈஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா போனப்பகூட நீ எங்கிட்ட அழுகலையேண்ணே" என்றாள். "நீ வா. ஒக்காந்து பாரு. முடியலையா, எந்திரிச்சுரு. யாரு என்ன பேசுனாலும் நான் பாத்துக்கிறேன்."

மார்ச் 8, சனி

நாளைக்கு. பர்வீன் கழுத்தை இளக்கி விட்டார். மூச்சுப் பயிற்சி செய்தேன். ஜெயக்கொடி சீர்த்தட்டுகளுக்குக் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பஸ்ஸில்தான் போனோம். வாடிப்பட்டியில் இறங்கி ஆட்டோ. கோயில் வாசலில் என் முகமும் எவனோ ஒருவன் கழுத்தும் பத்தடி உயரத்துக்கு நின்று எங்களை வரவேற்றன. மேளத்தோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். பட்டை இல்லை. "இப்பத் தேவலையா தம்பி?" என்று கேட்டார். "பித்தம் அத்த, வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். "அதான் பாத்தேன். பித்தம்னா கழுத்தப் பிடிக்கத்தான் செய்யும்" என்று தலையாட்டினார்.

சாமிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஈஸ்வரி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததுமே பிடரி இறுகியது. மேளம், புகை, சுற்றி ஐம்பது முகம். மடியில் வைத்தாள். எண்ணெய் வைத்த தலை என் தாடைக்குக் கீழே வந்தது. ஜமுக்காளம் நகர ஆரம்பித்தது. நாவிதர் கத்தியை எடுத்துவிட்டார். என்னால் முடியாது என்று ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு குனிந்து கையை நீட்டினாள். பின்னால் யாரோ, "ஈஸ்வரியோட சித்தப்பா மகனும் மாமன்தானே, அவன உக்கார வைங்க" என்றார்கள்.

அப்போது என் முதுகில் ஒரு முதுகு வந்து ஒட்டியது. வேர்த்து நனைந்த பட்டுச்சட்டை. மாப்பிள்ளை எனக்குப் பின்னால் அந்தப் பக்கம் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாஞ்சுக்கங்க மச்சான். நல்லா சாஞ்சுக்கங்க. நான் அசைய மாட்டேன்."

"அப்பா முன்னாடி வாங்க சார், போட்டோவுல விழுக மாட்டீங்க" என்று போட்டோக்காரர் கத்தினார்.

"விழுகாட்டிப் போகுது, நீ எடுய்யா" என்றார்.

சாய்ந்துகொண்டேன். அவர் பெரிய உடம்பு. அவர் மூச்சு விடுவது என் முதுகில் தெரிந்தது. நாவிதர் பாப்பாவின் தலையை நனைத்தார். மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி மாப்பிள்ளை பேசினார். முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார்.

"அன்னைக்கு நான் சிரிச்சேன்ல மச்சான், பயந்துதான் சிரிச்சேன். லாரிய நான் பாக்கவே இல்ல. நீங்க கால மிதிச்ச சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பாத்து பிரேக் போட்டேன். இத யாருகிட்டயும் சொல்லல. ஈஸ்வரிக்குக்கூடத் தெரியாது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலையைப் பின்னால் சாய்த்து அவர் தலையில் முட்டினேன். அவரும் லேசாக முட்டினார்.

மொட்டை முடிந்து ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தியதும் பாப்பா கோயில் அதிரக் கத்தி, திரும்பி இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வலிக்கிற இடம் பார்த்துப் பிடித்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டட்டும் என்று இருந்தேன். ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார். என் தோளெல்லாம் கண்ணீரும் சளியும் சந்தனமும்.

மற்றவர்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். மாப்பிள்ளையும் கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு இலை போடப் போனார். நான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டேன். பாப்பா அம்மாவிடம் போகமாட்டேன் என்றது. தேம்பித் தேம்பி, மொட்டைத் தலையை என் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. கை மட்டும் கழுத்தை விடவில்லை.

ஈஸ்வரி வந்து கையை நீட்டினாள். "கழுத்து வலிக்குமேண்ணே, குடு, நான் தூக்கிக்கிறேன்."

வலிக்கத்தான் செய்தது. இருக்கட்டும் என்றேன்.